துடுப்புக் கலையின் பேராசான்

விழா நாளில் வெற்றி மாலை சூடுவோரைக் காண மக்கள் திரண்டு வருகின்றனர். அம்மாலையை ஈட்டுவதற்காக அவர்கள் பன்னாள் உழைத்த உழைப்பைக் காண வருவார் இலர். பந்தயம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்குரிய பயிற்சியோ ஆண்டு முழுவதும் நடைபெறுதல் வேண்டும். இவ்வுண்மையை இளைஞர் உள்ளத்தில் ஆழப் பதித்த பெரியார் ஒருவர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். துடுப்புப் படகுக் கலையின் பேராசானாக விளங்கிய ஸ்டீவ் பேர்பேர்ன் என்பவரே அவர்.

பேர்பேர்ன் 1862ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள், ஆஸ்திரேலிய நாட்டின் மெல்போர்ன் நகரைச் சார்ந்த தூராக் என்னும் பகுதியில் பிறந்தார். அவர் தந்தையார் ஸ்காத்லாந்திலிருந்து குடியேறி, பெரிய ஆட்டுப் பண்ணைகளை நடத்திச் செல்வம் ஈட்டியவர். மைந்தர் மெல்போர்னிலும், பின்னர் ஜீலாங் நகரிலும் பள்ளிக் கல்வி பெற்றார். உடல் வலிமையும் விளையாட்டில் வேட்கையும் உடைய அவ்விளைஞர், 1881ஆம் ஆண்டில் கடல் கடந்து சென்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த இயேசு கல்லூரியில் சட்டம் பயிலச் சேர்ந்தார்.

கேம்பிரிட்ஜில் ஓடும் கேம் ஆறு மிகக் குறுகியது. எண்மர் துடுப்பு வலிக்க, ஒருவர் சுக்கான் பிடித்து வழிநடத்தும் நீண்ட படகுகள் இரண்டு அங்கே அருகருகே விரைந்து செல்ல இடம் போதாது. ஆதலின், படகுகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திப் புறப்படச் செய்வர். பின்னே வரும் படகு முன்னே செல்லும் படகைத் தொட்டுவிடின், மறுநாள் அதன் இடத்தைப் பெறும். இவ்வாறு முன்னேறி முதலிடம் பெற்ற படகை ஆற்றின் தலைமைப் படகு என்பர். 1875 முதல் 1885 வரை அத்தலைமை இயேசு கல்லூரியிடமே இருந்தது. அத்தகைய சூழலில் பேர்பேர்ன் துடுப்பைக் கையில் ஏந்தினார்.

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்னும் இரு பல்கலைக் கழகங்களும் இலண்டனில் தேம்ஸ் ஆற்றில் நடத்தும் படகுப் பந்தயம் உலகப் புகழ் வாய்ந்தது. பேர்பேர்ன் 1882, 1883ஆம் ஆண்டுகளில் கேம்பிரிட்ஜின் சார்பில் அதில் கலந்துகொண்டார். இரு முறையும் அவர் குழுவினர் தோல்வியுற்றனர். அவர் மனம் தளரவில்லை. 1886, 1887ஆம் ஆண்டுகளில் மீண்டும் துடுப்பு வலித்தார். அவ்விரு முறையும் கேம்பிரிட்ஜே வென்றது. தோல்வியின் கசப்பையும் வெற்றியின் இனிப்பையும் ஒப்ப அறிந்த அவ்வுள்ளமே பிற்காலத்தில் ஆசிரியர் உள்ளமாக மலர்ந்தது.

சட்டக் கல்வியை முடித்த பின்னர், அவர் தாயகம் திரும்பிக் குடும்பத்தின் பண்ணைத் தொழிலில் ஈடுபட்டார். ஆயினும், ஆறும் படகும் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் மீண்டும் இங்கிலாந்தை அடைந்து, தம் பழைய கல்லூரி மாணவர்க்குப் படகுப் பயிற்சி அளிக்கும் பணியை மேற்கொண்டார். அவருக்கு அப்போது நாற்பது வயது கடந்திருந்தது.

அவர் எதனைப் புதிதாகக் கற்பித்தார்? முற்காலப் படகுகளில் இருக்கைகள் அசையாதவை. அவற்றில் அமர்ந்தவர் உடலை முன்னும் பின்னும் சாய்த்தே துடுப்பை வலித்தனர். 1870களில் நகரும் இருக்கை வழக்கிற்கு வந்தது. சிறு சக்கரங்களின் மேல் அது முன்னும் பின்னும் செல்லும். அதனால் கால்களை மடக்கி, பின்னர் வலிமையுடன் உந்தித் துடுப்பை இழுக்க இயலும். மனித உடலில் பெருவலிமை கால்களுக்கே உண்டு. எனினும், பழைய முறையினர் முதுகு நேராக இருத்தல் வேண்டும், உடல் இவ்வளவு சாய்தல் வேண்டும் என்று தோற்றத்தின் ஒழுங்கையே பெரிதும் வற்புறுத்தி வந்தனர்.

பேர்பேர்ன் இதனை மாற்றினார். கால்களின் உந்துதலை முழுமையாகப் பயன்படுத்துமாறும், கரையில் நிற்போர் கண்ணுக்கு உடல் எவ்வாறு தோன்றுகின்றது என்று எண்ணாமல், நீருக்குள் துடுப்பின் அலகு என்ன செய்கின்றது என்பதிலேயே கருத்தைச் செலுத்துமாறும் மாணவரைப் பழக்கினார். அலகு நீரை நன்கு பற்றி உந்துமாயின், உடல் தனக்குரிய இயல்பான அசைவைத் தானே கண்டுகொள்ளும் என்பது அவர் கொள்கை. அன்றியும், திறமை மிக்க முதற்குழுவை மட்டும் பேணும் வழக்கத்தை அவர் விரும்பவில்லை. துடுப்பை அன்றுதான் தொட்ட மாணவனும், யாவர்க்கும் பின்னே வரும் கடைசிப் படகினரும் அவருடைய கவனத்தைப் பெற்றனர்.

புதிய நெறிக்கு எதிர்ப்பு எழுவது இயல்பே. பேர்பேர்னின் மாணவர்க்கு உடல் ஒழுங்கு இல்லை என்று பழைய முறையினர் குறை கூறினர். அக்குறையை முழுதும் பொருளற்றது என்று தள்ளிவிடுதல் இயலாது. எண்மர் ஓருடல்போல் இயங்க வேண்டிய படகில் ஒழுங்கும் இன்றியமையாததே. இருதிறத்தாரும் பல்லாண்டுகள் கடுமையாக வாதிட்டனர். நெடுநாளைய நண்பர்களுக்கிடையேயும் மனவேறுபாடு தோன்றியது. பேர்பேர்ன் தம் கருத்துகளை நூல்களாக எழுதி வெளியிட்டார். பந்தயங்களில் தம் மாணவர் பெற்ற வெற்றிகளையும் சான்றாகக் காட்டினார். இன்று கால்களின் உந்துதலை அடிப்படையாகக் கொள்ளாத படகுப் பயிற்சி எங்கும் இல்லை. உடல் ஒழுங்கையும் எவரும் கைவிடவில்லை. இரு நெறிகளின் நன்மைகளும் காலப்போக்கில் ஒன்றாயின.

அவர் செய்த மற்றொரு பணி இதனினும் பெரிது. இங்கிலாந்தில் படகுப் பந்தயங்கள் பெரும்பாலும் கோடையிலேயே நடைபெறும். குளிர்காலத்தில் காற்று கடுமையாக வீசும். துடுப்பைப் பற்றிய விரல்கள் விறைத்துப்போகும். பொழுதும் விரைவில் சாயும். அக்காலத்தில் குறிக்கோள் ஒன்று இல்லாவிடின் இளைஞரின் ஊக்கம் குன்றுவது எளிது. ஆனால், நீண்ட தொலைவு இடைவிடாது துடுப்பு வலித்தே உடலில் நிலைத்த ஆற்றல் சேரும் என்பதைப் பேர்பேர்ன் நன்கு அறிந்திருந்தார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அன்றோ? குளிர்காலத்தில் வலித்த ஒவ்வொரு கல் தொலைவும் கோடையில் பயன் தரும் என்று அவர் நம்பினார்.

ஆகவே, அவர் ஒரு வழி கண்டார். தேம்ஸ் ஆற்றில் மார்ட்லேக் முதல் பட்னி வரையுள்ள நாலேகால் மைல் தொலைவில், அதாவது ஏறத்தாழ 6.8 கிலோமீட்டர் தொலைவில், பல படகுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு இடைவெளியில் புறப்படச் செய்து, ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கணக்கிட முடிவு செய்தார். ஆற்றின் தலைமைப் பந்தயம் என்னும் பெயருடைய அப்போட்டி, முதன்முதலாக 1926ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12ஆம் நாள் நடைபெற்றது. போட்டியை அவர் முடிவான நோக்கமாகக் கருதவில்லை. குழுவினரை நெடுந்தொலைவு துடுப்பு வலிக்கச் செய்யும் கருவியாகவே கருதினார்.

இப்பந்தயத்தின் தன்மையைச் சிறிது எண்ணிப் பாருங்கள். அருகில் இணையாக வரும் பகைவர் இல்லை. வெல்கின்றோமா, தோற்கின்றோமா என்று நடுவழியில் அறிய இயலாது. இறுதியில் கடிகாரமே தீர்ப்புக் கூறும். ஆதலின், ஒவ்வொரு குழுவும் தன் சோர்வோடும் தன் ஐயத்தோடுமே போராட வேண்டும். முதற்கழகத்தின் முதற்குழுவும், பெயர் அறியப்படாத சிறு கழகத்தின் குழுவும் ஒரே நாளில் ஒரே நீரில் அளந்து பார்க்கப்பட்டன.

1929ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜிலும் அவர் பெயரால் குளிர்காலத்து நெடும்பந்தயம் ஒன்று தொடங்கியது. முதுமையிலும் இளைஞரிடையே ஓயாது உழைத்த பேர்பேர்ன், 1938ஆம் ஆண்டு மே திங்கள் 16ஆம் நாள் இலண்டனில் உயிர் நீத்தார். அவருடைய அத்தி, அவர் நேசித்த இயேசு கல்லூரியின் வளாகத்தில் அடக்கம் செய்யப்பெற்றது. பட்னியிலிருந்து ஒரு மைல் தொலைவில், தேம்ஸ் ஆற்றங்கரையில், அவருக்கு நினைவுத் தூண் ஒன்று நிற்கின்றது. மைல் மைலாகத் துடுப்பு வலிக்கக் கற்பித்தவருக்கு மைற்கல்லே நினைவுச் சின்னமாக அமைந்தது பொருத்தமே ஆகும்.

அவர் இட்ட வித்து பின்னர்ப் பெருமரமாயிற்று. தேம்ஸ் ஆற்றில் பள்ளி மாணவர்க்கென்றே தனியான தலைமைப் பந்தயம் ஏற்பட்டது. 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடுத்த சார்லஸ் ஆற்றில் இம்முறையைப் பின்பற்றி ஒரு பந்தயம் தொடங்கியது. உயர்நிலைப் பள்ளி மாணவரும் அதில் கலந்துகொள்கின்றனர். இலையுதிர் காலத்தில் நெடும்பந்தயம். ஆறு உறையும் குளிர்காலத்தில் அறைக்குள் துடுப்புப் பொறியில் பயிற்சி. வேனிலிலும் கோடையிலும் 2,000 மீட்டர் போன்ற குறும்பந்தயங்கள் என்று ஆண்டின் பருவங்கள் அனைத்தும் இன்று அம்மாணவர்க்குப் பயிற்சிக் காலங்களாக அமைந்துள்ளன. உழைப்பிற்கு ஒரு பருவம் இருப்பதுபோல் ஓய்விற்கும் ஒரு பருவம் வகுத்தே அறிந்த ஆசிரியர்கள் அவர்களைப் பழக்குகின்றனர்.

மாணவர்களே! ஆற்றில் மட்டுமன்று, கல்வியிலும் இவ்வுண்மை பொருந்தும். தேர்வு என்பது சில மணி நேரப் பந்தயம். நாள்தோறும் பயிலும் பயிற்சியே அதன் வெற்றியை முடிவு செய்கின்றது. எவரும் பாராத பொழுதிலும் துடுப்பை நழுவவிடாது வலிப்பவனே கரை சேர்வான். பேர்பேர்னின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே ஆகும்.