நைனியப்ப பிள்ளை: தவணை குறிக்காத நம்பிக்கை

புதுச்சேரியில் நைனியப்ப பிள்ளையின் பெயரில் ஒரு வீதி இருக்கிறது. அவ்வழியே நாள்தோறும் செல்வோரில் பலர், அவர் பிரெஞ்சுக்காரர்களின் சிறையில் கைதியாக உயிர்விட்டவர் என்பதை அறியமாட்டார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பெற்ற புகழ், அவருடைய உறவினரான இம்மனிதரின் வாழ்வுக்குக் கிட்டவில்லை. ஆனால் சோதனைக் காலத்தில் இறைநம்பிக்கை என்பதற்கு என்ன பொருள் என்று சிந்திப்போருக்கு, அவ்வாழ்வு சொல்லும் செய்தி கனமானது.

சென்னைப் பகுதியிலிருந்து இளமையில் புதுச்சேரிக்கு வந்த அவர், வணிகத்தில் உயர்ந்து, 1708இல் ஆளுநர் எபேரால் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைத் தரகராக நியமிக்கப்பட்டார். துணி கொள்முதல், உள்நாட்டு வணிகர்களுடனான ஒப்பந்தம், கடன் ஏற்பாடு ஆகிய அனைத்தும் தரகரின் வாக்கை நம்பியே நடந்தன. பணமுடையில் தவித்த கம்பெனிக்கு அவருடைய நாணயமே பெரிய மூலதனம்.

அவர் இந்துவாக இருந்தது யேசு சபையினரில் சிலருக்கு உறுத்தலாயிற்று. அப்பதவி கிறிஸ்தவருக்கே உரியது என அவர்கள் வற்புறுத்தினர். மதம் மாறினால் பதவி நிலைக்கும், மறுத்தால் பறிபோகும் என்ற நெருக்கடி அவருக்கு எழுந்தது. அவர் மாறவில்லை. துன்பத்தைவிட நுட்பமான சோதனை இதுவே. துன்பம் வெளியிலிருந்து வருகிறது. சலுகையோ நம் கையொப்பத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது.

1713இல் பதவியிழந்து பிரான்சு சென்ற எபேர், 1715இல் திரும்பி வந்தபோது பழைய நட்பைத் துறந்திருந்தார். 1716 பிப்ரவரியில் நைனியப்பர் கைதானார். கொடுங்கோன்மை, கலகத்தைத் தூண்டுதல் என்பன குற்றச்சாட்டுகள். இந்துத் திருவிழாக்களுக்கு விதிக்கப்பட்ட தடையை எதிர்த்து மக்கள் ஊரைவிட்டு வெளியேறிய 1715ஆம் ஆண்டு நிகழ்வும் அவர்மேல் சுமத்தப்பட்டது. தமிழில் சொல்லப்பட்ட சாட்சியங்கள் பிரெஞ்சு ஆவணங்களாயின. அம்மொழியை அவரால் படிக்க இயலாது. சந்தையில் ஐம்பது கசையடி, மூன்றாண்டுச் சிறை, 8,888 வராகன் அபராதம், சொத்துப் பறிமுதல் எனத் தீர்ப்பு வந்தது. அவருடைய மைத்துனரும் ஆனந்தரங்கரின் தந்தையுமான திருவேங்கடம் பிள்ளையும் தண்டிக்கப்பட்டார்.

தலைநிமிர்ந்து நடந்த தெருவிலேயே அடிபட்ட அம்மனிதர், 1717 ஆகஸ்டில் சிறையிலேயே மறைந்தார்.

இவ்விடத்தில் நமது வழக்கமான ஆறுதல் மொழிகள் தடுமாறுகின்றன. நீற்றறையில் இடப்பட்ட திருநாவுக்கரசர் உயிருடன் வெளியே வந்தார் என்கிறது சைவ மரபு. அனைத்தையும் இழந்த யோபு இரட்டிப்பாகத் திரும்பப் பெற்றார் என்கிறது விவிலியம். நைனியப்பருக்கு அத்தகைய மீட்பு வரவில்லை. அவர் உள்ளத்தில் எழுந்த வேண்டுதல் எதுவோ, அதை நாம் அறியமுடியாது. துயரிலும் அவர் தம் சமயத்தைக் கைவிடவில்லை என்ற உண்மை மட்டும் எஞ்சுகிறது.

நீதியோ அவருக்குப் பின் வந்தது. மேல்முறையீட்டுக்குப் பிரெஞ்சு வணிகர் சிலர் துணைநின்றனர். யேசு சபையினருடன் முரண்பட்ட பாரீசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் கத்தோலிக்கக் குருமார்களும் துணைநின்றனர். ஆகவே இதை இரு சமயங்களின் போராக மட்டும் படிப்பது பிழை. மகன் குருவப்பர் கடல் கடந்து பிரான்சு சென்று முறையிட்டார். எபேர் பதவி இழந்தார். 1720இல் தீர்ப்பு நீக்கப்பட்டு, தந்தையின் பெயர் துலங்கியது. பிரான்சில் குருவப்பர் திருமுழுக்குப் பெற்றார். அரசப் பிரதிநிதியான ஓர்லேயான் கோமகனே ஞானத்தந்தை. புனித மிக்கேல் வீரர் பட்டத்துடன் ஊர் திரும்பி, தந்தையின் பதவியில் அமர்ந்து, 1724இல் மறைந்தார். தந்தை மறுத்ததை மகன் ஏற்றது ஏன் என்று தீர்ப்பளிக்க நமக்கு உரிமையில்லை.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது ஒன்று. கடன் கொடுப்பவர் தவணை நாளைக் குறித்துக்கொண்டே கொடுக்கிறார். நாள் தவறினால் உறவு முறிகிறது. நம்மில் பலரின் பக்தியும் அவ்வாறே. தேர்வு முடிவுக்கும் வழக்குத் தீர்ப்புக்கும் நாள் குறித்து வேண்டுகிறோம். பலன் தாமதித்தால் இறைவன் வாக்குத் தவறினான் என்கிறோம். நைனியப்பருக்கு நேர்ந்த நீதி, அவர் வாழ்நாளைத் தாண்டியே வந்தது. அது அவருடைய வலியை ஈடுசெய்துவிட்டது என்று சொல்வது பொய்யாகும். ஆயினும் அவர் விலைபோகாமல் நின்றதால்தான், மீட்டெடுப்பதற்கு ஒரு பெயர் எஞ்சியிருந்தது.

இறைவனின் வாய்மையை நம்புவது என்பது, துன்பம் வராது என்றோ விரைவில் தீரும் என்றோ நம்புவதன்று. எவ்விலைக்கும் மனச்சான்றை விற்கவேண்டியதில்லை என்ற துணிவே அந்நம்பிக்கை. அத்துணிவுக்கு எந்த அரசும், எந்தச் சபையும் விலை குறிக்க இயலாது.