யளனக: சுண்டிக்குளி முத்தையா தந்த விசைப்பலகை

போர் முடிந்த மறு வருடம் நான் கொட்டாஞ்சேனையில் ஒரு கொமினிகேசன் கடையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். படிப்புச் செலவுக்கு அதுதான் கைகொடுத்தது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. வந்தவர்களில் பாதிப் பேர் வன்னியிலிருந்து வந்த தாய்மார். மகனின் பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம் என்று அவர்கள் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். ஆணைக்குழு மாறும், முகவரி மாறும், கடிதம் மட்டும் மாறாது.

நான் அடித்தது பாமினி எழுத்துருவில். இடது கையின் நான்கு விரல்களும் இயல்பாகப் போய் அமரும் இடத்தில் ய, ள, ன, க. ஏன் அந்த வரிசை என்று அப்போது நான் யோசித்ததில்லை. பல வருடங்கள் கழித்து, ஊடகக் கற்கைக்காக ஒரு கட்டுரை எழுதப் போனபோதுதான் ஆர். முத்தையா என்ற பெயரைக் கண்டேன். சுண்டிக்குளிக்காரர். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்து ஊர்.

முத்தையா 1886 பெப்ரவரி 24 இல் பிறந்தார். 1907 இல், 21 வயதில், அக்காலத்து யாழ்ப்பாண இளைஞர் பலரைப் போல மலேயாவுக்குக் கப்பலேறினார். பிறகு சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் சேர்ந்து, 1930 வரை அங்கே வேலை பார்த்து, பிரதம இலிகிதராக உயர்ந்தார். மேசையில் இருந்ததெல்லாம் ஆங்கிலத் தட்டச்சுப் பொறி. கடிதம், கணக்கு, பற்றுச்சீட்டு எல்லாம் அதில் மளமளவென்று நடந்தன. தமிழில் ஒரு கடிதம் வேண்டுமென்றால் கையால்தான் எழுத வேண்டும். இந்தக் குறை அவரை விடவில்லை.

ஆனால் கணக்கு உதைத்தது. தமிழில் 247 எழுத்துகள். பொறியிலோ நாற்பது சொச்சம் விசைகள். ஒரு விசைக்கு இரண்டு எழுத்து என்றாலும் நூறைத் தொடாது. முத்தையா எழுத்துகளை உடைத்துப் பார்த்தார். கொம்பு, அரவு, விசிறி, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்தார். எவை அடிக்கடி வரும், எந்த விரலுக்கு எது எட்டும் என்று வரிசைப்படுத்தினார். மெய்யெழுத்தின் மேல் புள்ளி விழவேண்டுமே? அதற்கு நகரா விசை. அதை அடித்தால் புள்ளி பதியும், உருளை நகராது. அடுத்து எழுத்தை அடித்தால் இரண்டும் ஒன்றாகச் சேரும். இரும்பில் செய்த மென்பொருள் என்று அதை நான் சொல்வேன்.

வடிவம் கையில் இருந்தாலும் பொறி செய்ய அவரிடம் தொழிற்சாலை இல்லை. முதலாம் உலகப் போருக்குப் பிறகு, ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருந்த சைடல் அன்ட் நவ்மான் நிறுவனத்திடம் பொறிகளைச் செய்வித்து, தருவித்து விற்றார். முதலில் வந்த பெரிய பொறியின் குறைகளைக் களைந்து, அடுத்து பிஜூ, ஐடியல் என்ற பொறிகளைக் கொண்டுவந்தார். பிஜூ கையில் தூக்கிப் போகக்கூடியது. பின்னாளில் வேறு நிறுவனங்களும் தமிழ்ப் பொறிகளைச் செய்தன. தமிழ்நாட்டு அரசு விசைப்பலகையைத் திருத்தியது. என்றாலும் அடித்தளம் அவர் போட்டதுதான். பாமினியில் புள்ளியை எழுத்துக்குப் பின்னால் அடிக்கிறோம், அவர் பொறியில் முன்னால். ஆனால் யளனக அப்படியே இருக்கிறது.

தமிழ் எழுத்தை இரும்பில் வார்த்த டிரெஸ்டன் 1945 பெப்ரவரியில் குண்டுவீச்சில் எரிந்தது. ஐம்பது ஆண்டு கழித்து, 1995 ஒக்டோபர் இறுதியில், சுண்டிக்குளியும் ஒரே இரவில் வெறுமையானது. எங்கள் பெரியப்பாவிடம் ஒரு பழைய தட்டச்சுப் பொறி இருந்தது. பாரம் என்று விட்டுவிட்டு வந்தோம். திரும்பிப் போனபோது வீட்டுக் கூரையும் இல்லை, பொறியும் இல்லை. விரல் பழக்கத்தை மட்டும் யாரும் எடுத்துப்போக முடியவில்லை.

வெள்ளவத்தையில் எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான். பகலில் கணக்காளன், இரவில் கைபேசிச் செயலி செய்கிறான். கூகிளின் கடையில் கணக்குத் திறக்க ஒரு தடவை 25 டொலர், அப்பிளின் கடைக்கு ஆண்டுதோறும் 99 டொலர் என்று கட்டிவிட்டு, எதைச் செய்தால் நாலு காசு வரும் என்று என்னிடம் கேட்டான். பஞ்சாங்கமும் ராசிபலனும் ஏற்கனவே குவிந்து கிடக்கின்றன. நான் முத்தையாவின் கதையைச் சொன்னேன். அவர் சந்தையைப் பார்த்துத் தொடங்கவில்லை. தன் மேசையில் இருந்த குறையைப் பார்த்துத் தொடங்கினார். மாதச் சம்பளம் தந்த வேலையில் இருந்தபடியே தொழிலின் நெளிவுசுளிவைக் கற்றார். தன்னால் முடியாததை முடிந்தவரிடம் செய்வித்தார். முதல் பொறியோடு நின்றுவிடவில்லை.

பிறகு கொட்டாஞ்சேனைத் தாய்மாரைப் பற்றியும் சொன்னேன். ஒரே விபரத்தைப் பத்து இடத்தில் பத்துத் தடவை அழுது சொல்லவேண்டியிருந்த கதையை. ஒரு தடவை சொன்னதைப் பத்திரமாக வைத்து, எந்த அலுவலகம் கேட்டாலும் தமிழில் கடிதமாக எடுத்துத் தரும் ஒரு செயலி. இதற்கு யார் காசு தருவார்கள் என்று கேட்டான். தாய்மாரிடம் வாங்கக்கூடாது, வேறு வழி பார்க்கலாம் என்றேன்.

போன கிழமை மாதிரி வடிவம் ஒன்றை அனுப்பியிருந்தான். பெயர் என்று ஒரு பெட்டி, கீழே பிறந்த திகதி, அதற்கும் கீழே கடைசியாகக் கண்ட இடம். நான் பாமினிப் பழக்கத்தில் அடித்துப் பார்த்தேன். விரல்கள் தடுமாறவில்லை.