கட்டணம் வாங்காத ஆசிரியர்

வீடு வீடாகச் சென்று இசை கற்பிப்போரைக் காணும்போதெல்லாம் எனக்கு ஃபிரான்ஸ் லிஸ்ட் நினைவுக்கு வருகிறார். ஐரோப்பாவையே மயக்கிய அந்தப் பியானோ மேதையும் ஒரு காலத்தில் அவ்வாறு அலைந்தவர்தாம்.

1827-இல் தந்தை மறைந்தபோது அவருக்கு வயது 15. தாயைக் காக்கும் பொறுப்பு அவர்மீது விழுந்தது. பாரிஸ் நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சென்று, காலைமுதல் இரவுவரை செல்வர் வீடுகளில் பியானோ கற்பித்தார்.

மாணவியருள் ஒருவர் கரோலின்; மன்னர் பத்தாம் சார்லஸின் வணிக அமைச்சர் சேன்-கிரிக் பிரபுவின் மகள். பாடத்தினூடே காதல் மலர்ந்தது. தந்தை அறிந்ததும் வகுப்பு நின்றது; வாசற்கதவு அடைபட்டது. ஊதியத்துக்குக் கற்பிக்க வருபவருக்கு அம்மாளிகையில் உள்ள இடம் எதுவென அன்று அந்த இளைஞருக்கு விளங்கியிருக்கும். நோயுற்று முடங்கினார். 1828-இல் பாரிஸ் நாளிதழ் ஒன்று, அவர் இறந்துவிட்டதாகக் கருதி இரங்கற்குறிப்பே வெளியிட்டது. (எங்கள் தொழிலில் அவசரம் புதிதன்று.)

பிற்காலத்தில் வைமாரிலும் ரோமிலும் புடாபெஸ்டிலும் மாணவர்கள் அவரைத் தேடி வந்தனர். அவர்களிடம் அவர் கட்டணம் பெறவில்லை. அதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரபுவின் வாசலில் பட்ட காயமும் அதில் கலந்திருக்கும் என்றே கருதுகிறேன். 1860-இல் எழுதிய உயிலில், வேறொருவரை மணந்து வாழ்ந்த கரோலினுக்கு அவர் ஒரு மோதிரத்தை ஒதுக்கியிருந்தார்.