கேள்வி கேட்க அவைக்குள் போனவர்

சுந்தரபாண்டியம் அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஊர். அந்த ஊர் உட்பட சென்னை மாகாணத்தின் எல்லா ஊர்களிலும் பொதுத்தெருவில் நடக்கவும் பொதுக்கிணற்றில் நீர் எடுக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று 1924-ல் அரசாணை வந்தது. அதற்குக் காரணமானவர் தாத்தா இரட்டைமலை சீனிவாசன்.

1859-ல் செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்தார். கோவையில் படித்து, நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்து, பிறகு சென்னைக்கு வந்தார். 1893 அக்டோபரில் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். எந்தச் சொல்லால் இழிவுபடுத்தினார்களோ அதையே முகப்பில் அச்சிட்ட துணிச்சல் அது. அதே ஆண்டில், ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தக்கூடாது என்று 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி லண்டனுக்கு மனு அனுப்பினார். நடத்தினால் சாதி இந்துக்களே அதிகாரிகளாகி ஒடுக்குவார்கள் என்பது அவர் கணக்கு. வெள்ளையருக்கு வேண்டியவர் என்று அவரை ஏசியவர்கள் உண்டு. ஏசியவர்களின் தெருவில் அவர் நடக்க முடியுமா என்பதை யாரும் பேசவில்லை.

1896-ல் பத்திரிகையில் வந்த ஒரு கடிதத்துக்காக அவர் மீதே வழக்கு வந்தது. 100 ரூபாய் அபராதம். ஒருவர் மீது வழக்குப் போடுவதும் இன்னொருவரைத் தொடாமல் விடுவதும் யாரோ எடுக்கும் முடிவு என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவராக நின்று பார்த்துவிட்டார். பின்னர் வெளிநாடு போனவர் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தார். நீதிபதியின் மொழி தெரியாத ஏழைத் தமிழனுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நிற்கும் வேலை. 1921-ல்தான் ஊர் திரும்பினார்.

1923-ல் சென்னை சட்டமன்றத்துக்கு நியமன உறுப்பினரானார். அது இரட்டையாட்சிக் காலம். கல்வி, உள்ளாட்சி போன்றவை மந்திரிகளிடம் இருந்தன. போலீசும் நீதி நிர்வாகமும் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம் இருந்தன. சட்ட உறுப்பினர் சர் சி.பி. ராமசாமி ஐயர், அதற்கு முன் அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்தவர். அவரை அவையில் கேள்வி கேட்கலாம், பதவியிலிருந்து இறக்க முடியாது. வழக்குத் தொடுக்கும் அதிகாரம் அவைக்குக் கட்டுப்படாத கையில் இருந்த நிலையில், சீனிவாசன் உள்ளாட்சி வழியைப் பிடித்தார். சாலை, கிணறு, குளம், பொது அலுவலகம் எதிலும் யாரையும் தடுக்கக்கூடாது என்ற அவரது தீர்மானம் 1924 ஆகஸ்ட் 22-ல் நிறைவேறியது. செப்டம்பர் 25-ல் அரசாணையும் வந்தது.

உரிமையை அறிவித்தால் மட்டும் போதாதே. தடுப்பவனைக் கோர்ட்டில் நிறுத்தத் தண்டனைச் சட்டம் வேண்டும். எம்.சி. ராஜா கொண்டுவந்த சமூகக் குறைபாடுகள் நீக்கச் சட்டம் 1938-ல்தான் நிறைவேறியது. இடையில் சீனிவாசன் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போய்வந்தார். 1932 பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1945 செப்டம்பர் 18-ல் காலமானார்.

அன்று அவர் கையில் இல்லாத கருவிகள் இன்று நம் சட்டமன்ற உறுப்பினர்கள் கையில் இருக்கின்றன. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி, கலெக்டர் தலைமையிலான மாவட்ட விழிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் அதில் உறுப்பினர்கள், போலீஸ் எஸ்.பி.யும் அங்கே இருப்பார். சிறப்பு அரசு வழக்கறிஞர்களின் செயல்பாட்டை ஆண்டுக்கு இருமுறை கலெக்டர் பரிசீலிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வழக்கறிஞர் ஒருவரை நியமிக்கக் கேட்கலாம். கோர்ட்டில் நிலுவையில் உள்ள வழக்கின் உள்விவரத்தைச் சட்டமன்றத்தில் விவாதிக்க இயலாது. ஆனால் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாத வழக்குகள் எத்தனை, விடுதலைத் தீர்ப்பு வந்தும் அரசு மேல்முறையீடு செய்யாதவை எத்தனை, செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்தது யார் என்று கேட்கத் தடையில்லை.

மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. வழக்கு நடத்தும் குடும்பங்கள் எஃப்.ஐ.ஆர். எண்ணையும் தேதியையும் எழுதி, அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன்பே தங்கள் தொகுதி எம்.எல்.ஏ. கையில் கொடுக்கலாம்.