விண்ணில் மறைந்த வீரர்

உடல் வலிமை உடையவனே வீரன் என்று எண்ணுவது உலக இயல்பு. அகன்ற மார்பும் திரண்ட தோளும் இல்லாதவனைப் படையில் சேர்க்கத் தயங்குவர். அவ்வாறு படை வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட ஓர் இளைஞர், மூன்றே ஆண்டுகளில் தம் நாட்டுச் சிறுவர்கள் எல்லாம் பெயர் சொல்லும் பெருவீரரானார். இருபத்திரண்டாம் வயதில் வானிலே மறைந்தும் போனார். அவர்தாம் முதல் உலகப் போரில் புகழ்பெற்ற பிரெஞ்சு விமானி ஜார்ஜ் கினமேர்.

இளமை

கினமேர் 1894-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24-ஆம் நாள் பாரிஸ் மாநகரில் பிறந்தார். தந்தையார் முன்னாள் படை அதிகாரி. வரலாற்று ஆராய்ச்சியில் ஈடுபாடு உடையவர். குடும்பம் கொம்ப்பியேன் என்னும் ஊரில் வாழ்ந்தது. தமக்கையர் இருவருக்குப் பின் பிறந்த ஒரே மகன். அதிலும் நோயாளிக் குழந்தை. தாயும் தமக்கையரும் கண்ணை இமை காப்பதுபோல் காத்து வளர்த்தனர். பாரிசில் ஸ்தானிஸ்லாஸ் கல்லூரியில் பயின்றபோது கணக்கிலும் இயந்திரங்களிலும் நாட்டம் மிகுந்தது. ஆனால் உடல்நலம் இடம் கொடாமையால் மேற்படிப்பைப் பாதியில் நிறுத்த நேர்ந்தது.

மூடிய கதவு

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. கினமேர் பயோன் நகரப் படை அலுவலகத்திற்கு விரைந்தார். மருத்துவர்கள் அவருடைய மெலிந்த உடலைப் பார்த்துத் தகுதியற்றவர் என்று ஒதுக்கினர். மீண்டும் சென்றார்; மீண்டும் அதே விடை. ஒத்த வயதினர் எல்லாம் போர்முனை செல்ல, தாம் மட்டும் வீட்டில் இருப்பதை அவரால் பொறுக்க இயலவில்லை. போ என்னும் ஊரிலிருந்த விமானப் பயிற்சி நிலையத்தை அணுகி, எந்த வேலையாயினும் செய்வதாக வேண்டினார். 1914 நவம்பரில் இயந்திரப் பணி பயிலும் மாணவராக இடம் கிடைத்தது. விமானங்களைத் துடைப்பதும் எண்ணெய் இடுவதும் பணி. செல்வக் குடியிற் பிறந்த அவர் அதனை இழிவாகக் கருதவில்லை. சில மாதங்களில் விமானம் ஓட்டும் பயிற்சியும் பெற்றார்.

முதல் வெற்றி

1915 ஜூனில், கேப்டன் புரோக்கார் தலைமையிலிருந்த மூன்றாம் விமானப் படைப்பிரிவில் சேர்ந்தார். பின்னாளில் நாரைச் சின்னத்தால் புகழ்பெற்ற பிரிவு அது. பெண்பிள்ளை போன்ற முகத்தோடு வந்து நின்ற இவரைக் கண்டு அங்கிருந்தோர் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஜூலை 19-ஆம் நாள், பின்னிருக்கையில் கெர்தே என்னும் வீரர் துப்பாக்கி ஏந்தி அமர, கினமேர் ஒரு ஜெர்மானிய விமானத்தைத் துரத்திச் சென்று வீழ்த்தினார். இருவருக்கும் படைப் பதக்கம் வழங்கப்பட்டது. அதன்பின் வெற்றிகள் பெருகின.

அச்சமும் துணிவும்

1916 மார்ச்சில் வெர்தன் போர்க்களத்தின் மேலே பகைவர் குண்டுகள் அவர் கையில் பாய்ந்தன. முகத்திலும் சிதறல்கள் தைத்தன. புண் ஆறிய பின் மனம் பழைய நிலையில் இல்லை. அச்சம் புகுந்துவிட்டதோ என்ற ஐயம் அவருக்கே எழுந்தது. அதனைப் போக்க அவர் கண்ட வழி வியப்புக்குரியது. பகை விமானம் ஒன்றை அணுகி, அது சுட்டுக்கொண்டே இருக்க, தாம் ஒரு குண்டும் சுடாமல் விலகி விலகிப் பறந்து தம் நரம்புகளைப் பழக்கிக்கொண்டார் என்று அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். அவர் அச்சம் அறியாதவர் அல்லர், அறிந்து அடக்கியவர்.

அவ்வாண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் பகை விமானங்களை வீழ்த்தித் திரும்புகையில், தம் நாட்டுப் பீரங்கிக் குண்டே தவறுதலாக அவர் விமானத்தைத் தாக்கியது. ஏறத்தாழ மூவாயிரம் மீட்டர் உயரத்திலிருந்து வீழ்ந்தும் சிறு காயங்களோடு பிழைத்தார்.

கருவி அறிந்தவர்

வீரத்தை மட்டும் நம்பியவர் அல்லர் கினமேர். துப்பாக்கியையும் பொறியையும் தாமே ஆராய்ந்து பார்ப்பார். ஸ்பாட் விமானங்களை வடிவமைத்த பொறியாளர் பெஷெரோவுக்குக் குறைகளை எழுதித் தெரிவிப்பார். சுழல்விசிறியின் அச்சின் வழியே சுடும் 37 மில்லிமீட்டர் பீரங்கி பொருத்திய விமானம் அவர் தூண்டுதலால் உருவாயிற்று. 1917 மே 25-ஆம் நாள், ஒரே நாளில் நான்கு விமானங்களை வீழ்த்தினார். ஐம்பது வெற்றிகளை எட்டிய முதல் பிரெஞ்சு விமானியும் அவரே.

எர்ன்ஸ்ட் உடெட் என்னும் ஜெர்மானிய வீரர் தம் நினைவுகளில் ஒரு நிகழ்ச்சியைக் குறித்துள்ளார். கினமேரோடு பொருதபோது உடெட்டின் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. அதனைக் கண்ட கினமேர் சுடாது கையசைத்துவிட்டு அகன்றாராம். இதனை ஐயுறுவோரும் உண்டு. ஆயினும் பகைவரே இவ்வாறு எழுதுமளவு அவர் பெயர் விளங்கியது.

இறுதிப் பயணம்

இடைவிடாப் போர் அவர் உடலை உருக்கியது. ஓய்வு கொள்ளுமாறு பலரும் வேண்டினர். அவர் இணங்கவில்லை. 1917 செப்டம்பர் 11-ஆம் நாள் காலை எட்டரை மணியளவில், டன்கர்க் அருகிலிருந்து பொசோன் வெர்துராஸ் என்னும் இளம் அதிகாரியுடன் புறப்பட்டார். அவரைத் தடுத்து ஓய்வுக்கு அனுப்பும் எண்ணத்துடன் பழைய தலைவர் புரோக்கார் நிலையத்தை அடைந்தபோது ஒன்பது மணி. அரைமணி நேரம் பிந்திவிட்டது.

பெல்ஜியத்தில் போல்கப்பெல் என்னும் ஊருக்கு மேலே பகை விமானம் ஒன்றைக் கினமேர் தாக்கினார். வேறு விமானங்கள் வருவதைக் கண்ட துணைவர் அவற்றைத் திசைதிருப்பச் சென்றார். திரும்பி வந்து பார்த்தபோது வானம் வெறுமையாக இருந்தது. கினமேர் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார் என்று ஜெர்மானியர் பின்னர் அறிவித்தனர். பீரங்கிகள் உழுத அந்நிலத்தில் அவர் உடல் கிடைக்கவேயில்லை. அவரை வீழ்த்தியவராகச் சொல்லப்பட்ட விசெமனும் அதே மாதம் 28-ஆம் நாள் போரில் மாண்டார்.

அழியா நினைவு

மாவீரர் மிக உயரே பறந்துவிட்டதால் இறங்கி வர இயலவில்லை என்று பிரெஞ்சுச் சிறுவர்களுக்குக் கதை சொல்லப்பட்டது. நாட்டின் பெருமக்கள் துயிலும் பாந்தியோன் மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. போல்கப்பெல்லில் நாரை உருவம் தாங்கிய தூண் நிற்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் 11 அன்று பிரெஞ்சு விமானப் படையினர் அவரை நினைவுகூர்கின்றனர்.

அவர் பெற்ற வெற்றிகள் ஐம்பத்து மூன்று. ஒவ்வொன்றின் பின்னும் மகனை இழந்த ஒரு தாய் இருந்திருப்பாள். கொம்ப்பியேனிலும் ஒரு தாய் மகனுக்கு ஒரு கல்லறைகூட இன்றிக் கலங்கினாள். ஆதலின் போரைப் போற்ற நாம் அவர் வரலாற்றைப் படிக்கவேண்டியதில்லை. தகுதியில்லை என்று பிறர் தள்ளியபோது தளராமல், விமானம் துடைக்கும் பணியிலிருந்து தொடங்கிய அந்த மெலிந்த இளைஞரின் உறுதி நமக்கு வேண்டும். தேர்விலும் வேலை தேடும் முயற்சியிலும் ஒருமுறை தோற்றதும் சோர்ந்து அமரும் மாணவ நண்பர்கள், பயோன் நகரில் இருமுறை திருப்பி அனுப்பப்பட்ட கினமேரை எண்ணிப் பார்ப்பார்களாக.