டீசல் என்றொரு மனிதர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

கம்பம் பள்ளத்தாக்கில் டீசல் என்னும் சொல்லை அறியாதவர் இல்லை. மின்மோட்டார் வருவதற்கு முன் நம் கிணற்றடிகளில் தண்ணீர் இறைத்த ஆயில் என்ஜினும், குமுளி மலை ஏறும் லாரியும், தேக்கடி ஏரியில் நெடுங்காலம் ஓடிய விசைப்படகும் டீசலை நம்பியவையே. ஆனால் டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர் பழுதுகளோடு போராடியே புகழ் பெற்றவர் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

இளமை

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர். தந்தை முதலில் புத்தகம் பைண்டிங் செய்தவர்; பின்பு தோல் பொருள்கள் செய்து பிழைத்தவர். 1870இல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூளவே, குடும்பம் லண்டனுக்கு இடம்பெயர்ந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் மட்டும் ஆக்ஸ்பர்க் நகரில் கணித ஆசிரியராக இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான்.

அங்கே அவன் முதல் மாணவனாகத் தேறினான். 1875இல் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்க உதவித்தொகை கிடைத்தது. பெற்றோருக்கோ அதில் விருப்பமில்லை. மகன் ஒரு வேலையில் சேர்ந்து சம்பாதித்தால் போதும் என்பதே அவர்கள் எண்ணம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என்னைப் போன்றோர் நம் வகுப்புகளில் பலர். அந்தப் பெற்றோரின் கவலை நமக்குப் புதிதன்று. எனினும் டீசல் படித்தார். 1880இல் மிகச் சிறந்த மதிப்பெண்களுடன் தேறினார்.

எண்ணம் பிறந்த இடம்

அவருடைய பேராசிரியர் கார்ல் வான் லிண்டே, குளிர்பதனத் துறையின் முன்னோடி. நீராவி என்ஜின், எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகிறது, மீதி வீணாகிறது என்பதை வகுப்பில் கேட்ட டீசலுக்கு, அந்த வீணைக் குறைப்பதே வாழ்க்கை இலட்சியமாயிற்று.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் அறிவோம். காற்றை அழுத்தினால் சூடேறும். மிகக் கடுமையாக அழுத்தினால், அதனுள் தெளிக்கும் எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும்; தீப்பொறி தேவையில்லை. இதுவே டீசலின் தத்துவம். 1892இல் விண்ணப்பித்து, 1893இல் காப்புரிமை பெற்றார்.

நான்காண்டுப் போராட்டம்

ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையில் முதல் என்ஜின் உருவாயிற்று. 1893 ஆகஸ்ட் 10 அன்று சோதித்தபோது, அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. டீசல் மயிரிழையில் தப்பினார். ஆயினும் உள்ளே எண்ணெய் பற்றியது என்பது உறுதியாயிற்று. அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

1894 பிப்ரவரி 17 அன்று என்ஜின் தன் சொந்த பலத்தில் ஓடியது. எவ்வளவு நேரம்? ஏறக்குறைய ஒரே ஒரு நிமிடம்! பிஸ்டனின் ஓரம் அழுத்தம் கசிந்தது. எண்ணெய் சரியாகத் தெளியாமல் கரி படிந்தது. முதலில் தண்ணீர்க் குளிர்ச்சியே வேண்டாம் என்று எண்ணியவர், பின்னர் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓட விட்டார். ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு காரணம் உண்டு என்று நம்பி, ஒன்றன்பின் ஒன்றாகத் தேடினார்.

1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்டு நம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் வந்தபோது, ஆக்ஸ்பர்க்கில் இந்தப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. முதல் ஓட்டத்துக்குச் சரியாக மூன்றாண்டுகள் கழித்து, 1897 பிப்ரவரி 17 அன்று, பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் என்ஜினைச் சோதித்தார். வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கு வேலையாக மாறியது. உலகம் வியந்தது.

இன்றும் அதே வழி

பழைய படகு என்ஜின் ஒன்று கிளம்ப மறுத்தால் நல்ல மெக்கானிக் என்ன செய்கிறார்? முதலில் எண்ணெய் வருகிறதா என்று பார்க்கிறார். ஃபில்டர் அடைத்திருக்கலாம், டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்கலாம், குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். திருகைத் தளர்த்தி, குமிழி நின்று எண்ணெய் மட்டும் வரும்வரை காற்றை வெளியேற்றுகிறார். அடுத்து, நாசில் பனிபோல் தெளிக்கிறதா, சொட்டுகிறதா என்று பார்க்கிறார். பிறகு கம்ப்ரஷன். ரிங் தேய்ந்தாலும் வால்வு சரியாக உட்காராவிட்டாலும் காற்று சூடேறாது, எண்ணெய் பற்றாது.

ஓடும் என்ஜினின் புகையும் பேசும். கறுப்புப் புகை என்றால் எண்ணெய் மிகுதி, அல்லது காற்றுக் குறைவு. நீலம் என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் எண்ணெய் எரியாமலே வெளியேறுகிறது, அல்லது உள்ளே தண்ணீர் கசிகிறது. படகில் இன்னொன்றும் உண்டு. குளிர்ச்சிக்கான தண்ணீரை ஏரியிலிருந்தே உறிஞ்சும் என்ஜினானால், குழாய் வாயைப் பாசி அடைத்தவுடன் சூடேறிவிடும். நடுத்தண்ணீரில் நின்றால் தள்ளிவிட ஆள் கிடைக்காது. ஆகவே கரையிலேயே பார்த்துவிட வேண்டும்.

எண்ணெய், தெளிப்பு, அழுத்தம், குளிர்ச்சி: டீசல் ஆக்ஸ்பர்க்கில் மல்லாடியதும் இவற்றோடுதான்.

புகழும் முடிவும்

1898இல் டீசல் என்ஜின் கெம்ப்டன் நகரின் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குச் சென்றது. தீப்பொறி வேண்டாத என்ஜினை முதலில் வாங்கியது தீப்பெட்டி செய்யும் ஆலை! ஆனால் கண்டுபிடித்தவர் கையில் ஓடிய இயந்திரம், பிறர் கையில் அடிக்கடி நின்றது. கவலையும் உழைப்பும் அவர் உடல்நலத்தைக் கெடுத்தன. எனினும் 1903இல் டீசல் என்ஜின் பிரான்சின் கால்வாய்ப் படகிலும் ரஷ்யாவின் வோல்கா நதிக் கப்பலிலும் ஏறியது. 1912இல் செலாண்டியா என்ற கப்பல் டென்மார்க்கிலிருந்து பாங்காக் வரை சென்று திரும்பியது.

பெரும் பொருள் ஈட்டிய டீசல், தவறான முதலீடுகளால் கடனாளியானார். 1913 செப்டம்பர் 29 இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து செல்லும் கப்பலில் இருந்தவர் காலையில் காணப்படவில்லை. சில நாட்கள் கழித்து அவர் உடல் கடலில் தென்பட்டது. தற்கொலையா, விபத்தா என்பது இன்றுவரை தீரவில்லை.

இயந்திரத்தின் ஒவ்வொரு பழுதுக்கும் காரணம் தேடிய மனிதர், தம் துயரத்தை யாரிடமும் திறந்து காட்டவில்லை. மாணவ நண்பர்களே! தோல்வியைக் கண்டு அஞ்சாமல் காரணம் தேடும் குணத்தை அவரிடம் கற்போம். ஆனால் மனத்தின் பழுதை மறைக்காமல், அதைப் பகிர்ந்துகொள்ள ஒரு நண்பரையேனும் தேடிக்கொள்வோம்.