கற்பித்துக் கற்ற சார்லட் பிராண்டே

ஆசிரியப் பயிற்சி பெறும் பெண் ஒருத்தி அயல்நாட்டுப் பள்ளி ஒன்றில் தங்கித் தன் மொழியை அங்குள்ளவர்களுக்குக் கற்பித்து, அவர்களுடைய மொழியைத் தான் கற்றுத் திரும்பும் ஏற்பாடு இன்று பல நாடுகளில் உண்டு. அரசும் பல்கலைக்கழகமும் உதவித்தொகை தருகின்றன. இவை எவையும் இல்லாத காலத்தில், பெரியம்மாவிடம் கடன் கேட்டு, கப்பலேறிச் சென்று, இவ்வழியில் கற்ற ஒரு பெண்மணியை நாம் எல்லோரும் பெயரளவிலேனும் அறிவோம். அவரே 'ஜேன் அயர்' என்னும் புதினத்தை எழுதிய சார்லட் பிராண்டே. எழுத்தாளரான சார்லட்டைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். ஆசிரியையாக விரும்பிய சார்லட்டை நாம் இங்கே காண்போம்.

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் தார்ன்டன் என்னும் ஊரில் 1816ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் சார்லட் பிறந்தார். தந்தை பாட்ரிக் பிராண்டே அயர்லாந்தில் எளிய குடும்பத்தில் பிறந்து, கல்வி ஒன்றையே துணையாகக் கொண்டு உயர்ந்து, ஆங்கிலிக்கன் சபைக் குருவானவர். 1820இல் குடும்பம் ஹாவர்த் என்னும் மலைப்பாங்கான ஊருக்குக் குடியேறியது. மறு ஆண்டே தாய் இறந்தார். ஆறு குழந்தைகளையும் வளர்க்கும் பொறுப்பைத் தாயின் தமக்கை எலிசபெத் பிரான்வெல் ஏற்றார். 1824இல் பெண் குழந்தைகள் நால்வர் குருமாரின் புதல்வியருக்கென நடந்த உறைவிடப் பள்ளி ஒன்றில் சேர்க்கப்பட்டனர். அங்கே குளிரும் அரைவயிற்று உணவும் அவர்களை வாட்டின. மூத்தவர்களான மரியாவும் எலிசபெத்தும் காசநோய் கண்டு 1825இல் அடுத்தடுத்து மறைந்தனர். ஒன்பது வயதுச் சார்லட் வீட்டின் மூத்த பெண்ணானாள். பள்ளி என்பது ஒரு குழந்தையை வாழவும் வைக்கும், வதைக்கவும் செய்யும் என்பதை அவ்வயதிலேயே அவர் கண்டுகொண்டார் எனலாம்.

1831இல் ரோ ஹெட் என்னும் பள்ளியில் சேர்ந்தபோது வேறொரு வகை ஆசிரியையை அவர் கண்டார். அங்குத் தலைமையேற்றிருந்த மார்கரெட் வூலர் அன்பானவர். படிப்பு முடித்த சார்லட் 1835இல் அதே பள்ளிக்கு ஆசிரியையாகத் திரும்பினார். பின்னர்ச் செல்வர் வீடுகளில் தங்கிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் வேலையை ஏற்றார். ஆண்டுக்குச் சம்பளம் 20 பவுன். துணி வெளுக்கும் செலவு அதில் கழிக்கப்படும். பகலெல்லாம் குழந்தைகள், இரவில் அவ்வீட்டாரின் தையல் வேலை. விருந்தினர் முன் அமரவும் இயலாது, வேலைக்காரர்களோடு சேரவும் இயலாது. இந்த நிலையிலிருந்து தாமும் தம் தங்கையர் எமிலியும் ஆனும் விடுபட வேண்டுமானால் சொந்தமாக ஒரு பள்ளி தொடங்குவதே வழி என்று அவர் முடிவு செய்தார்.

பள்ளி தொடங்கப் பெரியம்மா கடன் தருவதாகவும் சொல்லியிருந்தார். அப்போதுதான் சார்லட் சற்று நின்று சிந்தித்தார். ஊருக்கு ஊர் பெண்கள் பள்ளிகள் இருந்தன. பிரெஞ்சும் ஜெர்மனும் நன்றாகக் கற்பிக்கும் பள்ளியையே பெற்றோர் நாடினர். தமக்கோ பிரெஞ்சு அரைகுறை. ஜெர்மன் தெரியவே தெரியாது. அந்நேரம் தோழி மேரி டெய்லர் ஐரோப்பாவிலிருந்து எழுதிய கடிதங்கள் வந்தன. அங்குள்ள ஓவியங்களையும் ஆலயங்களையும் பற்றிப் படித்தபோது பறக்கச் சிறகில்லையே என்று சார்லட்டின் மனம் ஏங்கியது. 1841 செப்டம்பரில் பெரியம்மாவுக்கு அவர் எழுதிய கடிதம் ஒரு கெட்டிக்காரப் பெண்ணின் கடிதம். பணத்தைக் கட்டிடத்தில் போடுவதற்கு முன் அறிவில் போட வேண்டும் என்பதே அதன் சாரம். பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் செலவு குறைவு என்றும், ஆறு மாதம் போதும் என்றும் கணக்குப் போட்டுக் காட்டினார். பெரியம்மா இசைந்தார்.

1842 பிப்ரவரியில் தந்தையார் துணைவரச் சார்லட்டும் எமிலியும் புறப்பட்டனர். லண்டனில் சில நாள் தங்கி, கப்பலில் ஆஸ்டெண்ட் துறைமுகம் சேர்ந்து, அங்கிருந்து குதிரை வண்டியில் பிரஸ்ஸல்ஸ் அடைந்தனர். தந்தையார் தம் பயணத்திற்கு வேண்டிய பிரெஞ்சுத் தொடர்களைச் சிறு குறிப்பேட்டில் எழுதிக் கொண்டு சென்றார் என்பதைப் படிக்கும்போது நம் முகத்தில் புன்னகை தோன்றுகிறது. மகள்களை விட்டுவிட்டு, வாட்டர்லூ போர்க்களத்தையும் பார்த்துவிட்டு அவர் ஊர் திரும்பினார்.

இஸபெல் தெருவில் இருந்தது ஹெஜே அம்மையாரின் பெண்கள் பள்ளி. மேல்தெருவிலிருந்து படிகள் வழியாக இறங்கிச் செல்ல வேண்டும். பின்புறம் மதிலால் சூழப்பட்ட பழைய தோட்டம். பகல் மாணவியர் ஏறக்குறைய 40 பேர், விடுதி மாணவியர் 12 பேர். ஏறத்தாழ அனைவரும் கத்தோலிக்கர். பேசும் மொழி, உணவு, வழிபாடு எல்லாமே புதியவை. சார்லட்டுக்கு 26ஆவது வயது நிறையவிருந்தது, எமிலிக்கு 23. பாடம் நடத்திப் பழகிய பெண், தம்மைவிடப் பத்து வயது இளையவர்களோடு பெஞ்சில் அமர்ந்து வினைச்சொற்களை ஒப்புவித்தார். நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் துணிவு வரும்? ஆணையிட்டுப் பழகிய பின் கீழ்ப்படிவது தமக்கு விந்தையாக இருந்தாலும் இனிமையாகவே இருந்தது என்று தோழிக்கு அவர் தெரிவித்தார்.

இலக்கியம் கற்பித்தவர் அம்மையாரின் கணவர் கான்ஸ்டன்டின் ஹெஜே. முன்கோபி, சிறந்த ஆசிரியர். புனித வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்து ஏழைகளிடையே தொண்டு செய்த பக்தியுள்ள கத்தோலிக்கர். பிராண்டே சகோதரியருக்கு இலக்கண விதிகளை மட்டும் புகட்டிப் பயனில்லை என்று அவர் கண்டுகொண்டார். நல்ல எழுத்தாளர் ஒருவரின் பகுதியை வாசித்துக் காட்டுவார். அதன் அழகு எங்கே இருக்கிறது, குறை எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்டுவார். பின், அதே முறையில் வேறொரு பொருளைப் பற்றி எழுதச் சொல்வார். மிராபோவைப் பற்றி விக்தர் யூகோ எழுதிய பகுதியைக் கேட்ட பிறகு, சிலுவைப் போருக்கு மக்களைத் திரட்டிய பீட்டர் என்னும் துறவியைப் பற்றிச் சார்லட் எழுதினார். எமிலி இம்முறையை எதிர்த்தார்; பிறரைப் பின்பற்றினால் தம் சொந்த நடை போய்விடும் என்றார். சார்லட்டுக்கும் ஐயம் இருந்தது. ஆயினும் மாணவியாக இருக்கும்வரை ஆசிரியர் சொற்படி நடப்பதே முறை என்று கருதினார்.

ஹெஜே திருத்திய கட்டுரைகளில் சில இன்றும் உள்ளன. 1842 மார்ச்சில் சார்லட் எழுதிய ஒரு சிறு கட்டுரை நெடுநாள் காணாமற்போய், 2012இல் பெல்ஜிய அருங்காட்சியகம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது. தேவையற்ற சொல்லை அடித்திருக்கிறார் ஆசிரியர். தெளிவற்ற இடத்தில் காரணம் கேட்டிருக்கிறார். நல்ல வரியைப் பாராட்டியிருக்கிறார். இயற்கைத் திறமைக்கும் பயிற்சி வேண்டும் என்று ஒரு கட்டுரையின் இறுதியில் நீண்ட குறிப்பே எழுதியுள்ளார். மதிப்பெண் மட்டும் போட்டு நோட்டைத் திருப்பித் தரும் ஆசிரியராக அவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆறு மாதம் முடியும் தறுவாயில் கைப்பணமும் முடியும் நிலை. அப்போது ஹெஜே அம்மையார் ஒரு வழி சொன்னார். சார்லட் ஆங்கில வகுப்பை நடத்தட்டும், எமிலி சிலருக்கு இசை கற்பிக்கட்டும், அதற்கு ஈடாக உணவும் உறையுளும் பிரெஞ்சு, ஜெர்மன் பாடமும் கிடைக்கும், சம்பளம் இல்லை. சகோதரியர் மகிழ்ந்து ஏற்றனர். காலையில் ஆசிரியை, மாலையில் மாணவி. இந்தப் பரிமாற்றமே அவர்கள் பெற்ற ஆசிரியப் பயிற்சி.

ஆனால் அந்த இலையுதிர் காலம் துன்பத்தைக் கொண்டுவந்தது. தோழி மேரியின் தங்கை மார்த்தா பிரஸ்ஸல்ஸிலேயே இறந்தாள். சில நாட்களில் பெரியம்மாவின் நோய்ச் செய்தியும், அடுத்து மறைவுச் செய்தியும் வந்தன. நவம்பரில் இருவரும் வீடு திரும்பினர். ஹெஜே தந்தையாருக்கு எழுதிய கடிதம் அவர்களுடைய உழைப்பைப் போற்றி, தொடங்கிய படிப்பைப் பாதியில் விடலாகாது என்று வேண்டியது. எமிலி மீண்டும் செல்ல விரும்பவில்லை. 1843 ஜனவரியில் சார்லட் தனியே சென்றார். இம்முறை ஆண்டுக்கு 16 பவுன் சம்பளம். அதிலிருந்தே ஜெர்மன் பாடத்திற்குக் கட்டணம் செலுத்தினார்.

இந்த இரண்டாம் ஆண்டே அவருடைய சோதனைக் காலம். பேச்சுத் துணைக்குத் தங்கை இல்லை. தோழியும் ஊரை விட்டுப் போய்விட்டாள். ஆசிரியர் மீது அவர் கொண்ட பற்று, மாணவியின் மதிப்பைக் கடந்து மனத்தை வருத்தத் தொடங்கியது. அம்மையார் விலகி நடந்துகொண்டார். கோடை விடுமுறையில் மாணவியர் எல்லோரும் வீடு சென்றனர். வெறிச்சோடிய படுக்கைக் கூடத்தில் இருக்கப் பிடிக்காமல் நாள்தோறும் தெருத்தெருவாக நடந்தார். செப்டம்பர் முதல் நாள் மாலை, புனித குடுலா ஆலயத்தின் மணியோசை கேட்டு உள்ளே நுழைந்தார். மக்கள் பாவசங்கீர்த்தனம் செய்துகொண்டிருந்தனர். தாம் கத்தோலிக்கர் அல்லர் என்று சொல்லியும், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, தம் மனத்தில் இருந்ததை ஒரு குருவிடம் திறந்து சொன்னார். குரு கனிவோடு கேட்டு, மீண்டும் வரச் சொன்னார். சார்லட் போகவில்லை. எமிலிக்கு மட்டும் இதை எழுதி, தந்தைக்குத் தெரிய வேண்டாம் என்றார்.

இவ்விடத்தில் ஒன்றை நாம் மறைக்கலாகாது. சார்லட் தம் கடிதங்களிலும் கதைகளிலும் பெல்ஜிய மாணவியரைக் கடுமையாகக் குறை கூறியிருக்கிறார். கத்தோலிக்க மறையைப் பற்றியும் நம் மனம் வருந்தும்படி எழுதியிருக்கிறார். தனிமையும் தாம் வளர்ந்த வீட்டின் எண்ணங்களும் அவர் கண்களை ஓரளவு மறைத்தன. ஆயினும் தாங்கமுடியாத துயர் வந்தபோது அவர் நாடியது அந்த மறையின் ஆலயத்தைத்தான். பிரெஞ்சுக் கட்டுரையில் அவர் கையைப் பிடித்து நடத்தியவரும் அந்த மறையைச் சேர்ந்தவர்தான். அயல்நாட்டில் படிப்பவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் புரிந்துகொள்வதில்லை. சில பாடங்கள் விளங்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. சில விளங்காமலே போகின்றன.

அக்டோபரில் வேலையை விட்டு நீங்குவதாக அறிவித்தார். ஹெஜே தடுத்தார். தந்தையின் கண்பார்வை மங்கி வந்ததால், 1844ஆம் ஆண்டின் முதல் நாள் பிரஸ்ஸல்ஸை விட்டுப் புறப்பட்டார். அவர் கற்பிக்கத் தகுதி பெற்றவர் என்னும் சான்றிதழை ஹெஜே வழங்கினார்.

இனிப் பள்ளி தொடங்க வேண்டியதுதானே? ஹாவர்த் வீட்டிலேயே சில மாணவியரைத் தங்கவைத்துக் கற்பிக்கத் திட்டமிட்டனர். ஆண்டுக்கு 35 பவுன் கட்டணம்; பிரெஞ்சு, ஜெர்மன், இசை முதலியவற்றுக்குத் தனிக்கட்டணம். அறிவிப்பு அச்சிட்டுத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினர். ஒரு மாணவிகூட வரவில்லை. ஹாவர்த் எட்டாத தொலைவில் இருந்தது. கடன், கடல் பயணம், இரண்டு ஆண்டு உழைப்பு எல்லாம் எதற்காகவோ, அந்தப் பள்ளியின் கதவு திறக்கவே இல்லை. ஹெஜேக்கு எழுதிய கடிதங்களுக்கும் மறுமொழி குறைந்து, நின்றது. அவற்றுள் நான்கு எஞ்சி, 1913இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அளிக்கப்பட்டன. ஒரு பெண்ணின் மறைவான துயரத்தை உலகம் படிக்க நேர்ந்தது. நாம் அவற்றைப் பற்றி அடக்கத்தோடு பேசுவதே பண்பு.

கற்றது வீணாயிற்றா? 1846இல் மான்செஸ்டர் நகரில் தந்தையின் கண் அறுவைச் சிகிச்சைக்குத் துணையிருந்தபோது சார்லட் ஒரு கதையைத் தொடங்கினார். அதுவே 1847இல் வெளிவந்த 'ஜேன் அயர்'. அதன் நாயகி ஒரு மாணவி, பின் ஓர் ஆசிரியை. அதற்கு முன்பே பிரஸ்ஸல்ஸ் பள்ளி வாழ்வை வைத்து எழுதிய 'பேராசிரியர்' என்னும் கதையைப் பதிப்பாளர் பலர் திருப்பி அனுப்பினர். அவர் இறந்த பின் 1857இல்தான் அது வெளிவந்தது. 1848இல் தம்பி பிரான்வெல்லும் எமிலியும், 1849இல் ஆனும் மறைந்தனர். வெறுமையான வீட்டில் அமர்ந்து மீண்டும் அந்தத் தோட்டத்தையும் படுக்கைக் கூடத்தையும் ஆலய மணியோசையையும் நினைவுகூர்ந்து எழுதினார். 1853இல் வந்த 'வில்லெட்' அதுவே. கடல் கடந்து சென்று ஆங்கிலம் கற்பிக்கும் தனித்த பெண்ணின் கதை அது. முடிவில் அப்பெண்ணுக்குச் சொந்தப் பள்ளி ஒன்று அமைகிறது. தமக்குக் கிட்டாததைச் சார்லட் தம் நாயகிக்குத் தந்தார்!

1854இல் ஆர்தர் பெல் நிக்கல்ஸ் என்னும் குருவை மணந்தார். 1855ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள், 39 வயது நிறையுமுன் மறைந்தார். அவர் வரலாற்றை எழுத வந்த கேஸ்கெல் அம்மையார் 1856இல் பிரஸ்ஸல்ஸ் சென்று ஹெஜேயைக் கண்டார். முதிர்ந்த ஆசிரியர் தம் பழைய மாணவியரை மறக்கவில்லை. எமிலியின் அறிவாற்றலைச் சார்லட்டினுடையதைவிடவும் உயர்வாக மதித்தார்.

இஸபெல் தெருப் பள்ளி இப்போது இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடித்துவிட்டனர். நம்முள் நாளை ஆசிரியப் பயிற்சிக்குச் செல்வோர் பலர். கடல் கடப்போரும் சிலர் இருப்பர். போகிற இடத்தில் தனிமை வரும். போன காரியம் கைகூடாமலும் போகலாம். அப்போது ஹாவர்த் வீட்டில் வராத மாணவியருக்காகக் காத்திருந்த இந்த ஆசிரியையை நாம் நினைத்துக்கொள்வோம். அந்தப் பள்ளிக்கு ஒருவரும் வரவில்லை. ஆனால் அவருடைய பக்கங்களிலிருந்து பாடம் கற்கும் பெண்கள் இன்றுவரை வந்துகொண்டேயிருக்கிறார்கள்.